கையறிவா, ஏட்டறிவா?

ஏடு இல்லாம அணை கட்ட முடியுமான்னு எதிரணி நண்பர் கேட்டார். முடியும்யா! காவிரியில தோண்டத் தோண்ட மணல்தான். நம்ம ஆளுங்க என்ன செஞ்சாங்க? பெரிய பாறையை ஆத்துல போட்டாங்க. அடி மணலைத் தண்ணி அரிக்க, பாறை இறங்குச்சு. அதுமேல இன்னொண்ணு; இடையில களிமண். இறங்குறது நிக்கிற வரைக்கும் விடலை! அதுதான் கல்லணை.

படித்த எஞ்சினியர் ஆர்தர் காட்டன், ஆழம் தெரியாத மணலில் அஸ்திவாரம் போட இவர்களிடம்தான் கற்றோம் என்று எழுதியே வைத்தார். 1852-இல் முடிந்த கோதாவரி தவளேசுவரம் அணைக்கும் அந்தப் பாடம்தான்.

எங்கப்பா கொத்தனார், கைநாட்டு. "நமக்கென்னப்பா தெரியும்?"னே சொல்லிச் செத்தார். காட்டன் சொன்னதை அவருக்கு நான் சொல்லாமப் போயிட்டேன். இந்த மேடையில சொல்றேன்: கையறிவும் அறிவுதான்யா!