வில்லங்கச் சான்றின் வேரைத் தேடி

முகப்பேரில் மனையோ வீடோ வாங்க முன்வருபவர் முதலில் கேட்பது வில்லங்கச் சான்று. 'வில்லங்கம் இல்லை' என்று கண்டதும் அவர் மனம் நிம்மதி அடைகிறது. ஆனால் அந்தச் சான்று எதிலிருந்து பிறந்தது?

1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி, நிலம், வீடு பற்றிய பத்திரங்கள் 1ஆம் புத்தகத்தில் பதியப்படுகின்றன. அதைக் கொண்டு சொத்துவாரியாகத் தயாராவது இண்டெக்ஸ் 2. அதில் தேடி எழுதப்படுவதே வில்லங்கச் சான்று. சர்வே எண் இண்டெக்ஸில் தவறாக ஏறியிருந்தால், புத்தகத்தில் உள்ள அடமானம் சான்றில் தெரியாமற் போகலாம். உயில்களோ 3ஆம் புத்தகத்தைச் சேர்ந்தவை. ஆகவே அவை இச்சான்றில் வாரா. வேர் எது என்று அறிந்தவருக்கே சான்று எதைச் சொல்லாது என்பதும் விளங்கும்.

இதே சிக்கல் கணிப்பொறியிலும் எழுந்தது. 1970இல் ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த எட்கர் காட், எல்லா விவரங்களையும் எளிய அட்டவணைகளாக அமைக்கலாம் என்று காட்டினார். அக்கொள்கையைச் செயற்படுத்த அந்நிறுவனம் 1974இல் தொடங்கிய 'சிஸ்டம் ஆர்' ஆய்வில் 'வியூ' இடம்பெற்றது. வியூ என்பது அட்டவணைபோல் தோன்றும். ஆனால் அதனுள் விவரம் எதுவும் இராது. 'இன்ன அட்டவணையிலிருந்து இன்னதை எடு' என்னும் கட்டளையே அது. சான்று எழுதிய நாளோடு நின்றுவிடும். வியூவோ கேட்கும்போதெல்லாம் புதிதாக விடை தரும்.

ஒரு வியூவின் மீது மற்றொரு வியூவை எழுப்பலாம். அதன் மீது இன்னொன்று. இப்படி ஐந்தாறு அடுக்கு ஏறியபின், அடியிலுள்ள மூல அட்டவணையில் ஒரு கட்டத்தை நீக்கினால் மேலே எவையெவை சாயும்?

கணிப்பொறி இந்த முடிச்சைத் தனக்குள் அவிழ்க்கிறது. 1975இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர், வினாவில் வரும் வியூவின் இடத்தில் அதன் கட்டளையையே பொருத்தும் முறையை விளக்கினார். மூல அட்டவணைகள் மட்டும் எஞ்சும்வரை அதைத் திரும்பத் திரும்பச் செய்யலாம்.

மனிதனும் அவ்வழியே செல்ல வேண்டும். எந்த வியூ எதைப் பயன்படுத்துகிறது என்ற குறிப்பு அமைப்பின் பதிவேட்டில் இருக்கும். அப்பதிவேட்டையும் சாதாரண அட்டவணைபோல் வினவ இயலவேண்டும் என்பது 1985இல் காட் வகுத்த நான்காம் விதி. ஆனால் அக்குறிப்பு பெரும்பாலும் ஒரு படியை மட்டுமே காட்டும். கிடைத்த பெயர் மூல அட்டவணையானால் குறித்துக்கொண்டு நிறுத்துக. வியூவானால் அதன் குறிப்பைத் தேடுக. ஒரே அட்டவணை இரு கிளைகள் வழியாக வந்தால் ஒருமுறை எழுதினால் போதும். இப்படித் தன்னைத்தானே அழைத்துத் தேடும் வினாவுக்கு 1999ஆம் ஆண்டு எஸ்.க்யூ.எல். தரத்தில் இடம் கிடைத்தது.

கட்டளையின் எழுத்துகளில் பெயரை மட்டும் தேடுவது போதாது. ஒரே பெயரில் இரண்டு அட்டவணைகள் இருக்கலாம். ஒரே கதவு எண் இரண்டு தெருக்களில் இருப்பதைப்போல.

மூலப்பத்திரம் பாராமல் மனை வாங்கலாகாது என்பர் பெரியோர். மூல அட்டவணை அறியாமல் ஒரு கட்டத்தை நீக்கலாகாது என்பதும் அதே அறிவுரைதான்.