மாற்று ஆட்டக்காரரும் தொலைந்துபோகும் நிமிடங்களும்

ஆட்டம் முடிய இன்னும் மூன்றே நிமிடங்கள். ஒரு கோல் முன்னிலையில் இருக்கும் சிறுவர் அணியின் பயிற்சியாளர் கையைத் தூக்கி மாற்று கேட்கிறார். வெளியேற வேண்டிய பையன் மைதானத்தின் மறுகோடியில் நிற்கிறான். அவன் மெல்ல நடந்து வருகிறான். குனிந்து காலுறையைச் சரிசெய்கிறான். வழியில் நிற்கும் நண்பர்கள் எல்லோருடைய கையையும் தட்டுகிறான். அரை நிமிடம் போயே போச்சு! அடுத்த முறை பந்து வெளியே போனதும் இன்னொரு மாற்று, இன்னொரு அரை நிமிடம்.

இதில் விதிமீறல் எங்கே என்று கேட்டால் சட்டென்று பதில் சொல்ல முடியாது. ஆனால் எதிரணிச் சிறுவர்கள் ஏமாற்றப்பட்டார்கள் என்பது மட்டும் பார்க்கிற எல்லோருக்கும் தெரியும். இந்தச் சிக்கல் எப்படி வந்தது என்று பார்க்க, கால்பந்தின் பழைய கதைக்குக் கொஞ்சம் போக வேண்டும்.

மாற்றே இல்லாத காலம்

கால்பந்தில் நீண்ட காலம் மாற்று ஆட்டக்காரர் என்ற பேச்சுக்கே பெரும்பாலும் இடமில்லை. அடிபட்டால் வலியோடு ஆட வேண்டும், இல்லையென்றால் அணி ஆள் குறைந்து ஆட வேண்டும். இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பை இறுதி ஆட்டங்களே இதற்குச் சாட்சி. 1956 இல் மான்செஸ்டர் சிட்டியின் கோல்கீப்பர் பெர்ட் டிராட்மன் கழுத்தெலும்பு முறிந்த நிலையிலேயே கடைசி வரை ஆடினார். எலும்பு முறிந்தது சில நாட்கள் கழித்துத்தான் தெரிய வந்தது. அடுத்த ஆண்டு மான்செஸ்டர் யுனைடெட்டின் கோல்கீப்பர் ரே வுட்டுக்குக் கன்ன எலும்பு உடைந்தது. அவருக்குப் பதிலாகக் கோல் காக்க நின்றவர் ஜாக்கி பிளாஞ்ச்ஃபிளவர் என்ற தடுப்பாட்டக்காரர்! 1959 இல் நாட்டிங்காம் ஃபாரஸ்டின் ராய் டுவைட்டுக்குக் கால் முறிந்தது. மீதி நேரத்தை அந்த அணி 10 பேருடன் ஆடியே வென்றது.

கடைசியில் 1965-66 பருவத்தில் இங்கிலாந்து லீக் ஆட்டங்களில் ஓர் அணிக்கு ஒரு மாற்று, அதுவும் காயத்துக்கு மட்டும், என்று அனுமதி வந்தது. 1965 ஆகஸ்ட் 21 அன்று சார்ல்டன் அணிக்காக முதல் மாற்றாக இறங்கியவர் கீத் பீகாக். காயம் பட்டது உண்மையா நடிப்பா என்று யார் சோதிப்பது? பிறகு எந்தக் காரணத்துக்கும் மாற்றலாம் என்று விதி தளர்ந்தது. 1970 மெக்சிகோ உலகக் கோப்பையில் ஓர் அணிக்கு இரண்டு மாற்றுகள் கிடைத்தன. 1995 இல் அது மூன்றானது.

ஆக, இந்த விதி பிறந்தது அடிபட்டவர் மீதான இரக்கத்தில்தான். தந்திரம் பிறகு வந்து ஒட்டிக்கொண்டது.

கடிகாரத்தை ஏமாற்றுவது புதிதல்ல

நேரத்தைக் கடத்தும் பழக்கம் மாற்று விதியைவிட மூத்தது. 1891 இல் ஸ்டோக் அணிக்கும் ஆஸ்டன் வில்லாவுக்கும் நடந்த ஆட்டத்தின் கடைசி நிமிடங்களில், பின்தங்கியிருந்த ஸ்டோக்குக்குப் பெனால்டி கிடைத்தது. வில்லாவின் கோல்கீப்பர் பந்தை மைதானத்துக்கு வெளியே உதைத்துவிட்டாராம். பந்தைத் தேடி எடுத்து வருவதற்குள் நேரம் முடிந்துவிட்டது! இழந்த நேரத்தை ஆட்டத்தில் திரும்பச் சேர்க்கும் வழக்கத்துக்கு இந்தச் சம்பவமே காரணம் என்று சொல்லப்படுகிறது. களவு போன நேரத்தைத் திருப்பிக் கொடு என்ற எளிய நியாயம் அது.

மாற்றுகள் பெருகியபோது பழைய தந்திரத்துக்குப் புதிய கருவி கிடைத்தது. முன்னிலையில் இருக்கும் அணி கடைசி நிமிடங்களில் ஒவ்வொருவராக மாற்றும். வெளியேறுபவர் வேண்டுமென்றே தூரத்து மூலையில் நிற்பார். இதற்குப் பதிலாக 2019 இல் ஒரு விதி வந்தது. வெளியேறுபவர் நடுக்கோடு வரை நடந்து வரக்கூடாது, தனக்கு மிக அருகில் உள்ள எல்லைக்கோடு வழியாகவே போக வேண்டும். 2020 இல் பெருந்தொற்றுக் காலத்தில் ஐந்து மாற்றுகள் அனுமதிக்கப்பட்டன. ஆனால் இடைவேளை நீங்கலாக மூன்று தடவைக்கு மேல் ஆட்டத்தை நிறுத்த முடியாது. 2024 இல் அமெரிக்காவின் மேஜர் லீக் சாக்கர் இன்னும் கடுமையானது. 10 விநாடிக்குள் வெளியேறாவிட்டால், உள்ளே வர வேண்டியவர் 60 விநாடி காத்திருக்க வேண்டும்.

கவனித்தால் ஒன்று புரியும். இவற்றில் எதுவும் மாற்றும் உரிமையைப் பறிக்கவில்லை. தாமதத்தால் கிடைக்கும் லாபத்தைத்தான் பறித்தது.

சிறுவர் ஆட்டத்தில் என்ன செய்வது?

சிறுவர் கால்பந்தின் நிலை வேறு. இளையோர், மூத்தோர், மாற்றுத்திறனாளிகள், அடிமட்டப் போட்டிகள் ஆகியவற்றில், வெளியே போனவரே மறுபடி உள்ளே வரலாம் என்று 3 ஆம் விதி இடம் தருகிறது. எத்தனை முறை மாற்றினாலும் தவறில்லை என்ற போட்டிகள் ஏராளம். ஆட்டமோ 50 அல்லது 60 நிமிடம்தான். ஓர் அணி பிற்பாதியில் ஆறு முறை மாற்றி, ஒவ்வொன்றுக்கும் அரை நிமிடம் எடுத்தால், மூன்று நிமிடம் காலி. ஒரே மைதானத்தில் அடுத்தடுத்து ஆட்டங்கள் நடக்கும் தொடர்களில் கூடுதல் நேரம் கொடுக்கவே மாட்டார்கள். அங்கே போன நேரம் போனதுதான்.

அப்படியானால் மாற்றுகளைக் குறைத்துவிடலாமே என்று தோன்றும். ஆனால் அதற்கு விலை கொடுப்பது யார்? தந்திரம் செய்த பயிற்சியாளர் அல்ல. பெஞ்சில் உட்கார்ந்து தன் முறைக்காகக் காத்திருக்கும், அவ்வளவாக ஆடத் தெரியாத பையன்தான்.

இதற்கு ஒரு நல்ல வழியை 1964 இல் கலிஃபோர்னியாவில் தொடங்கிய ஏ.ஒய்.எஸ்.ஓ என்ற இளையோர் கால்பந்து அமைப்பு காட்டியது. எல்லோரும் ஆட வேண்டும் என்பது அதன் கொள்கை. ஒவ்வொரு சிறுவரும் குறைந்தது பாதி ஆட்டமாவது ஆட வேண்டும். அதே சமயம், அதன் வழக்கமான முறையில் மாற்றுகள் நினைத்தபோதெல்லாம் நடக்காது. ஒவ்வொரு பாதியின் நடுவிலும், இடைவேளையிலும், காயம் பட்டாலும்தான். பெஞ்சில் இருக்கும் பிள்ளைக்கும் இடம் கிடைத்தது, தந்திரத்துக்கும் வழியில்லாமல் போனது.

அப்படி ஒரு ஏற்பாடு இல்லாத போட்டியிலும் நடுவர் கையில் ஆயுதங்கள் இருக்கின்றன. உள்ளே வருபவர் நடுக்கோட்டருகே தயாராக நின்றால்தான் மாற்றுக்கு அனுமதி தரலாம். மாற்றுக்குச் செலவான நேரத்தைச் சேர்க்கும்படி 7 ஆம் விதியே சொல்கிறது. போட்டி விதி தடுக்காத வரை, அதை எல்லோர் காதிலும் விழும்படி அறிவிக்கலாம். "கடிகாரத்தை நிறுத்திவிட்டேன்" என்ற ஒரு வார்த்தை போதும், மெல்ல நடந்தவன் ஓடத் தொடங்குவான்!

வேண்டுமென்றே தாமதித்தால் மஞ்சள் அட்டைக்கும் இடமுண்டு. ஆனால் பத்து வயதுப் பையன் பயிற்சியாளர் சொன்னதைத்தான் செய்கிறான். 2019 முதல் அணி அதிகாரிகளுக்கும் அட்டை காட்டலாம். தன் அணி ஆட்டத்தைத் தாமதிக்கச் செய்வதும் அதற்கான குற்றங்களில் ஒன்று. எனவே முதல் எச்சரிக்கை போக வேண்டியது பையனிடம் அல்ல, கோட்டுக்கு வெளியே நிற்கும் பெரியவரிடம்தான்.

கழுத்து முறிந்தவர் கூட ஆட வேண்டியிருந்த காலத்திலிருந்து, கடைசிப் பிள்ளையும் ஆட்டத்தில் இறங்கும் காலம் வரை வர இந்த விளையாட்டுக்குப் பல பத்தாண்டுகள் ஆயின. மூன்று நிமிடத் தந்திரத்துக்குப் பயந்து அந்தக் கதவை மூட வேண்டியதில்லை. நடுவரின் கடிகாரம் ஒழுங்காக இருந்தால் போதும்.