கோடக்ரோம் ஸ்லைடுகளின் வரலாறு

ஜூபிலி மலருக்காகப் பழைய படங்களைத் தந்துதவுமாறு பங்கு மக்களைக் கேட்டுக்கொண்டபோது, ஆல்பங்களுடன் சில இல்லங்களிலிருந்து ஸ்லைடுப் பெட்டிகளும் வந்து சேர்ந்தன. அவற்றுள் பல ‘கோடக்ரோம்’ பிலிமில் எடுக்கப்பட்டவை. இரண்டு அங்குலச் சதுர அட்டைச் சட்டத்துள் அடங்கிய இச்சிறு படங்களின் வரலாற்றை அறிந்தால், அவற்றைக் காக்கும் வழியும் விளங்கும்.

இப்பிலிமைக் கண்டுபிடித்த இருவரும் இசைக் கலைஞர்கள் என்றால் வியப்பாயிருக்கும். லியோபோல்டு மேன்ஸ் பியானோ வாசிப்பவர். லியோபோல்டு கொடவ்ஸ்கி வயலின் வாசிப்பவர். வீட்டுக் குளியலறையையே இருட்டறையாக்கிச் சோதனைகள் செய்துவந்த இவர்கள், 1930-இல் அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரிலுள்ள கோடக் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தனர். கும்மிருட்டில் கடிகாரம் பார்க்க முடியாதல்லவா? பிராம்ஸின் இசையைத் தாளம் தவறாமல் சீட்டியடித்தே, பிலிம் மருந்தில் கிடக்கவேண்டிய நேரத்தைக் கணக்கிட்டனராம்! 1935-இல் சினிமாச் சுருளாகவும், 1936-இல் சாதாரணக் கேமராவுக்குரிய சுருளாகவும் கோடக்ரோம் வெளிவந்தது.

மற்ற வண்ணப் பிலிம்களில் சாயத்தை உண்டாக்கும் பொருள் பிலிமிலேயே கலந்திருக்கும். கோடக்ரோமில் அது இல்லை. அடிப்படையில் அது மூன்று அடுக்குக் கருப்பு வெள்ளைப் பிலிமே. கழுவும்போதுதான் நீலப்பச்சை, மஞ்சள், செந்நீலம் ஆகிய மூன்று சாயங்களும் ஒவ்வொன்றாக ஏற்றப்பட்டன. இதற்குப் பெரிய இயந்திரமும், இரசாயனம் கற்றவர்களின் ஓயாத கண்காணிப்பும் தேவை. ஊர் ஸ்டுடியோக்காரர் எவ்வளவு கெட்டிக்காரராயினும் அவர் கையில் ஆகிற காரியமன்று.

ஆகவே விற்பனை குறைந்ததும் கழுவும் கூடங்களும் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. இனி இப்பிலிமைத் தயாரிப்பதில்லையென 2009 ஜூன் 22-இல் கோடக் அறிவித்தது. உலகிலேயே எஞ்சியிருந்த ஒரே கூடம் அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் பார்சன்ஸ் என்னும் சிற்றூரில் இருந்த டுவேய்ன்ஸ் போட்டோ. அங்கும் 2010 டிசம்பர் 30-உடன் சுருள்கள் வாங்குவது நின்றது. கழுவாத கோடக்ரோம் சுருள் எவர் வீட்டிலேனும் கிடந்தால், அதைக் கருப்பு வெள்ளையாகக் கழுவிப் பார்ப்பதே இன்றுள்ள வழி. அதில் பழைய முகம் ஒன்றேனும் தெரியக்கூடும்; எறிந்துவிட வேண்டாம்.

கழுவிய ஸ்லைடுகளின் நிலையோ வேறு. இருட்டில் வைத்தால் கோடக்ரோமைப்போல் நிறம் காப்பது அரிது. 24 டிகிரி வெப்பத்திலும் 40 சதவீத ஈரப்பதத்திலும் இருட்டில் இருந்தால், எளிதில் மங்கும் மஞ்சள் சாயம்கூட ஐந்தில் ஒரு பங்கு குறைவதற்கு ஏறத்தாழ 185 ஆண்டுகள் ஆகும் என்பது கணக்கு. ஆனால் புரொஜெக்டரின் கடும் ஒளியில் மொத்தம் ஒரு மணி நேரம் போலப் பட்டாலே மங்கத் தொடங்கிவிடும். விருந்தினர் வந்தபோதெல்லாம் திரையில் காட்டி, “இது யார் தெரிகிறதா?” என்று ஐந்து நிமிடம் நிறுத்திவைத்த படம், பன்னிரண்டு விருந்திலேயே அந்த ஒரு மணி நேரத்தைச் செலவழித்துவிடுகிறது. எனவே ஒருமுறை ஸ்கேன் செய்துகொண்டு, காட்டுவதற்கு அந்தப் பிரதியையே பயன்படுத்துங்கள். பிரதி வந்துவிட்டதே என்று மூலத்தைக் கழித்துவிடலாகாது.

நம் சீதோஷ்ணத்தில் பெரும் பகைவன் பூஞ்சணம். பிலிமின் மேலுள்ள ஜெலட்டினே அதற்கு உணவு. பூஞ்சணம் பிடித்த ஸ்லைடை ஈரத்துணியால் துடைத்தால் ஜெலட்டின் கரைந்து படமும் போய்விடும். சமையலறைச் சுவர், மாடி அறை, நீர் கசியும் இடம் ஆகியவை ஆகா. இறுக மூடும் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் வைத்து, அதை அவ்வப்போது மாற்றவும். வாடை வீசும் பி.வி.சி. பிளாஸ்டிக் உறைகள் வேண்டாம்.

இன்னொன்று: அட்டைச் சட்டத்தின் ஓரத்தில், படத்திலிருப்பவர் பெயரையும் ஆண்டையும் பென்சிலால் எழுதுங்கள். முகங்களை அடையாளம் சொல்லக்கூடிய பெரியவர்களிடம் இந்த மாதமே பெட்டியை எடுத்துச் செல்லுங்கள்.