இயந்திரம் வாங்கிய பிறகு

பொன்விழா நினைவாக ஒரு டயாலிசிஸ் இயந்திரம் வாங்கிக் கொடுக்கலாம் என்ற பேச்சு நம் சங்கத்தில் எழுந்தபோது, முதலில் வந்த கேள்வி விலை என்ன என்பதுதான். பெயர்ப் பலகையில் என்ன எழுதுவது என்பது அடுத்த கேள்வி. வாங்கிக் கொடுத்த பிறகு அதை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று கேட்பதற்கு மட்டும் எங்களுக்கு மூன்று கூட்டங்கள் பிடித்தன. இந்த மலருக்காக அந்தக் கடைசிக் கேள்வியின் வரலாற்றைக் கொஞ்சம் புரட்டிப் பார்த்தோம். நம் முன்னோர்கள் அதை முதலாவதாகவே கேட்டிருக்கிறார்கள்.

எகிப்தின் சுல்தான் மன்சூர் கலாவூன், பதவிக்கு வருமுன் டமாஸ்கஸில் நோயுற்றுக் கிடந்தபோது, அங்கே நூருத்தீன் கட்டிய மருத்துவமனையின் மருந்தால் குணமடைந்தார். தமக்கு ஆட்சி கிடைத்தால் அதுபோல் ஒன்று கட்டுவதாக நேர்ந்துகொண்டார் என்று வரலாற்றாசிரியர் மக்ரீஸீ எழுதுகிறார். 1284–85இல் கெய்ரோவில் அதைக் கட்டியும் முடித்தார். கட்டடத்தோடு அவர் நிற்கவில்லை. கடைகளையும் மற்றச் சொத்துகளையும் வக்ஃபு செய்து, அவற்றின் வருமானத்தை மருத்துவமனைக்கு எழுதிவைத்தார். பல நூற்றாண்டுகள் அங்கே நோயாளிகள் படுத்து எழுந்து போனதற்கு அந்த வருமானம் முக்கியக் காரணம்.

பிக்ஹு நூல்கள் இதில் இன்னும் கண்டிப்பானவை. வக்ஃபு வருமானத்தில் முதல் செலவு அந்தச் சொத்தின் பழுதுபார்ப்பு. வக்ஃபு செய்தவர் அப்படி எழுதாமல் விட்டிருந்தாலும் முதல் செலவு அதுவே என்கிறது ஹனபி மத்ஹபு. ஷாபிஈ மத்ஹபிலும் பயன்பெறுவோரின் பங்குக்கு முன்னால் வருவது பழுதுபார்ப்புதான். கூரை ஒழுகும்போது சோறு போடாதே என்று இதை யாராவது தவறாகப் புரிந்துகொள்ளலாம். கூரை விழுந்துவிட்டால் நாளைக்குச் சோறு போட இடமிருக்காது என்பதே அதன் கணக்கு.

சட்டம் தெரிந்த சமூகமும் தவறும் என்பதற்கு பினாங்கு சாட்சி. 1801இல் கப்பித்தான் கிளிங் காதர் முகைதீன் காலத்தில் பள்ளிவாசலுக்கு நிலம் கிடைத்தது. வக்ஃபு நிலங்களும் சேர்ந்தன. அந்த நூற்றாண்டு முடிவதற்குள் பல அறக்கட்டளைச் சொத்துகளின் நிர்வாகம் சீர்கெட்டு, 1905இல் ஆங்கில அரசு முகமதிய, இந்து அறக்கட்டளைகளுக்கென்று ஒரு சட்டமே கொண்டுவந்து வாரியம் அமைக்க வேண்டியதாயிற்று. கொடுத்தவர்களின் பெயர் இன்றும் தெருவில் இருக்கிறது. பராமரிக்காமல் விட்டவர்களின் பெயர் யாருக்கும் தெரியாது.

அதே நீரிணைக் குடியேற்றத்தின் இன்னொரு நகரமான சிங்கப்பூரில், ஏழைகளுக்கான மருத்துவமனை கட்ட டான் டோக் செங் 7,000 வெள்ளி கொடுத்தார். 1844இல் அடிக்கல் நாட்டினார்கள். கட்ட ஒரு தர்மவான் போதும். நடத்தத்தான் ஊர் முழுக்கச் சந்தா கேட்க வேண்டியிருந்தது. இந்த இடத்தில் நமக்குப் பெருமையான ஒரு செய்தி: அரபு வணிகர் சையித் அலி அல்ஜுனைத் அந்த மருத்துவமனைக்காக விக்டோரியா தெருவில் நிலம் கொடுத்தார். வக்ஃபு பழக்கத்தில் வளர்ந்தவருக்கு, கட்டடத்தைவிட நிலம் நீண்ட நாள் உதவும் என்று தெரிந்திருக்கிறது.

இப்போது நம் நாட்டு அரசாங்க மருத்துவமனைகளுக்கு வருவோம். 1990களின் நடுப்பகுதி வரை கட்டடம், மின்சாரம், கருவிகள் ஆகியவற்றின் பராமரிப்பை சுகாதார அமைச்சின் பொறியியல் பிரிவும் ஜே.கே.ஆரும் கவனித்து வந்தன. 1996இல் அரசாங்கம் ஐந்து துணைச் சேவைகளை மூன்று நிறுவனங்களிடம் 15 ஆண்டு ஒப்பந்தத்தில் ஒப்படைத்தது: கட்டடப் பொறியியல் பராமரிப்பு, மருத்துவக் கருவிப் பராமரிப்பு, துப்புரவு, துணி சலவை, மருத்துவக் கழிவு. 1997 தொடக்கத்தில் அது நடைமுறைக்கு வந்தது. செலவு கூடியது, ஏழை நோயாளிக்கு என்ன லாபம் என்ற விமர்சனம் அன்றே எழுந்தது; அது நியாயமான கேள்வி. ஆனாலும் அதோடு ஒரு நல்ல பழக்கம் ஊன்றியது. கெட்டுப்போன பின் ஆள் கூப்பிடுவதற்குப் பதிலாக, கெடுவதற்கு முன் நாள் குறித்துப் பார்ப்பது. ஒவ்வொரு கருவிக்கும் ஓர் எண், ஒரு பதிவு, ஒரு அட்டவணை. வார்டில் உங்கள் அத்தாவின் கட்டிலருகே நிற்கும் மானிட்டரின் பக்கவாட்டில் சிறிய ஸ்டிக்கர் ஒன்று ஒட்டியிருக்கும். கடைசியாகச் சோதித்த தேதியும் அடுத்துச் சோதிக்க வேண்டிய தேதியும் அதில் இருக்கும். அடுத்த முறை போகும்போது படித்துப் பாருங்கள்.

2012இல் மருத்துவக் கருவிச் சட்டம் இயற்றப்பட்டு, மறு ஆண்டு நடைமுறைக்கு வந்தது. அதுவரை கருவிகளுக்கென்று தனிச் சட்டம் இல்லாமலே காலம் ஓடியது.

சட்டமும் ஒப்பந்தமும் இருந்தும் 2016 அக்டோபர் 25 காலையை நாம் மறக்க முடியவில்லை. ஜொகூர் பாரு சுல்தானா அமினா மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் தீப்பிடித்து ஆறு நோயாளிகள் இறந்தார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவில் தீ என்றால் வேறு எங்கும் பிடிக்கும் தீ போல அல்ல. அங்கே ஆக்சிஜன் ஓடிக்கொண்டிருக்கும். நோயாளியின் மூச்சே ஓர் இயந்திரத்தில் இணைந்திருக்கும்; எழுந்து ஓட அவரால் முடியாது. ஓய்வுபெற்ற மேல்முறையீட்டு நீதிபதி ஒருவர் தலைமையில் விசாரணைக் குழு அமைந்தது. பழைய கட்டடங்களின் மின்கம்பிகளும் தீத்தடுப்பு ஏற்பாடும் அதற்குப் பிறகுதான் சாதாரணக் குடும்பங்களின் பேச்சில்கூட இடம்பிடித்தன. பராமரிப்பு என்பது கணக்குப் பிரிவின் வேலை என்று நினைத்திருந்த நம்மில் பலருக்கு அன்று புரிந்தது, அது உயிர் சம்பந்தப்பட்ட வேலை.

டயாலிசிஸுக்குத் திரும்புவோம். நீரிழிவு நோய் இல்லாத வீடு நம்மில் குறைவு. அதன் பின்னாலேயே சிறுநீரகம் போகிறது. நிமிடத்துக்கு 500 மில்லிலிட்டர் திரவம் வீதம், நான்கு மணி நேரத்தில் ஏறத்தாழ 120 லிட்டர், நோயாளியின் இரத்தத்துக்கு ஒரு மெல்லிய சவ்வு தூரத்தில் ஓடுகிறது. வாரம் மூன்று முறை. அந்தத் திரவத்தில் பெரும்பகுதி குழாய்த் தண்ணீர். நாம் குடிக்கும் தண்ணீரில் உள்ள குளோரின் நம்மை ஒன்றும் செய்யாது. அதுவே இந்தச் சவ்வைத் தாண்டினால் இரத்த அணுக்களை உடைக்கும். அதனால் முதலில் கரித்தொட்டி, பிறகு ஆர்.ஓ. வடிகட்டி என்று தண்ணீர் பல படி கடந்து வர வேண்டும். 1996இல் பிரேசிலின் கருவாரு நகரில், நீர்த்தேக்கத்துப் பாசியின் நச்சு கலந்த தண்ணீர் சரியாகச் சுத்திகரிக்கப்படாமல் டயாலிசிஸுக்குப் போனதில் 50க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நாற்காலியும் இயந்திரமும் கண்ணுக்குத் தெரியும். பலகையும் அங்கேதான் மாட்டப்படும். பின்னறையில் இருக்கும் அந்தத் தொட்டிக்கு யாரும் பெயர்ப் பலகை கேட்பதில்லை.

இந்தப் படிப்பினால் எங்கள் குழுவில் சண்டையும் வந்தது. பணத்தின் ஒரு பகுதியைப் பராமரிப்புக்கு ஒதுக்கினால் இரண்டு இயந்திரத்துக்குப் பதில் ஒன்றுதான் வாங்க முடியும், மக்கள் என்ன சொல்வார்கள் என்றார் ஒரு மூத்த உறுப்பினர். அவர் கவலை பொய்யல்ல. நன்கொடை தந்தவர்கள் எண்ணிக்கையைத்தான் கேட்பார்கள். நீண்ட நேரம் பேசிய பிறகு ஒன்று போதும் என்று முடிவானது. மையத்திடம் மூன்று விவரங்களை எழுத்தில் கேட்டிருக்கிறோம்: ஆண்டுப் பராமரிப்புச் செலவு எவ்வளவு, உதிரிப் பாகம் எத்தனை ஆண்டுக்குக் கிடைக்கும், தண்ணீரை யார் எவ்வளவு நாளைக்கு ஒரு முறை சோதிக்கிறார்கள். பதில் வந்ததும் பொதுக்கூட்டத்தில் வைக்கிறோம்.