துப்புரவுத் தொழிலாளி படைத்த பொறி

ஈர்க்குமாறும் தும்புத்தடியுமே அறிந்திருந்த எம்மவர் பலர், புலம்பெயர்ந்த நாட்டில் முதன்முதலாகக் கையிலெடுத்த தொழிற்கருவி தூசு உறிஞ்சும் பொறியாகும். வெறிச்சோடிய அலுவலகங்களின் கம்பளங்களை இரவில் துப்புரவு செய்தே அவர்கள் முதற் சம்பளம் பெற்றனர். கரும்பலகையின் முன் நின்று பழகிய நானும் அவர்களுள் ஒருவன். அப்பொறியை வீட்டுக்குள் கொண்டுவந்தவரும் எம்மைப் போன்ற ஒரு துப்புரவுத் தொழிலாளியே என்பதை அன்று நான் அறிந்திலேன்.

1901 ஆம் ஆண்டில், தூசை ஊதித் தள்ளும் பொறியொன்றை இலண்டனில் கண்ட பொறியியலாளர் ஹியூபேட் செசில் பூத், ஊதாமல் உறிஞ்சினால் என்னவென்று சிந்தித்தார். அவ்வாண்டிலேயே அவர் உருவாக்கிய பொறி குதிரை வண்டியில் ஏற்றிச் செல்லப்பட்டது. அது தெருவில் நிற்க, நீண்ட குழாய்கள் யன்னல் வழியே மாளிகைகளுக்குள் நுழைந்தன. 1902 இல் ஏழாம் எட்வேட் மன்னரின் முடிசூட்டு விழாவுக்காக வெஸ்ற்மினிஸ்ரர் தேவாலயக் கம்பளத்தைத் துப்புரவு செய்ததும் அதுவே. சாதாரண குடும்பத்துக்கோ அது எட்டாக்கனி.

அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்துக் கன்ரன் நகரில், ஜேம்ஸ் மறே ஸ்பாங்கிளர் என்பவர் கடையொன்றிலே துப்புரவு வேலை பார்த்துவந்தார். பெருக்கும்போது எழுந்த தூசு அவரது தொய்வு நோயை மோசமாக்கியது. மின்விசிறியின் மோட்டர், சவர்க்காரப் பெட்டி, தும்புத்தடியின் பிடி, தலையணை உறை ஆகியவற்றை ஒன்றிணைத்து, தூசை உறிஞ்சிப் பையில் சேர்க்கும் பொறியொன்றை அவர் அமைத்தார். 1908 இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. அவ்வாண்டிலேயே தோற்பொருள் வணிகரான ஹூவர் அவ்வுரிமையை வாங்கினார். 1915 இல் ஸ்பாங்கிளர் மறைந்தார். உலகில் நிலைத்தது வாங்கியவரின் பெயரே.

அந்த முதற் பொறியின் ஒவ்வோர் உறுப்பையும் கழற்றலாம், மாற்றலாம். அப்பண்பு பிற்காலத்தில் எல்லாப் பொறிகளுக்கும் வாய்க்கவில்லை. நான் மலிவு கருதி வாங்கிய பொறியொன்றில் மின்கம்பி உள்ளே அறுந்தது. உடலோ ஒட்டி மூடப்பட்டிருந்தது. மோட்டர் நன்றாயிருந்தும் முழுப் பொறியும் குப்பைக்குச் சென்றது. மாறாக, 1981 இல் இங்கிலாந்தில் தோன்றிய, வாளி வடிவிலான 'ஹென்றி' வகைப் பொறியைத் திருகாணி கழற்றித் திறக்கலாம். உறுப்புகளைத் தனித்தனியே வாங்கலாம்.

ஐரோப்பிய ஒன்றியம் 2013 இல் இயற்றிய விதி, மோட்டர் குறைந்தது 500 மணி நேரம் உழைக்க வேண்டுமென்றும், குழாய் 40,000 முறை வளைந்தாலும் பயன்படக்கூடியதாய் இருக்க வேண்டுமென்றும் வகுத்தது. இவை 2017 இல் நடைமுறைக்கு வந்தன. கணக்கிட்டுப் பாருங்கள். வாரம் ஒரு மணி நேரம் இயக்கும் வீட்டுக்கு 500 மணி ஒன்பதரை ஆண்டுகளாகும். நாளுக்கு மூன்று மணியாக வாரம் ஐந்து நாள் இயக்கும் தொழிலாளிக்கோ 33 வாரங்களே. ஆகவே, தொழிலுக்கும் பட்டறைக்கும் வீட்டுப் பொறி ஏற்றதன்று.

வாங்குமுன் விற்பவரிடம் வினவுங்கள்: உடலைத் திருகாணி இணைக்கிறதா, பசை இணைக்கிறதா? குழாய், மின்கம்பி, வடிகட்டி, மோட்டரின் காபன் துண்டுகள் தனியே கிடைக்குமா? வீட்டில் தொய்வு நோயாளர் இருப்பின், தூசைப் பையோடு கட்டி அகற்றும் வகையே நன்று.

தன் மூச்சைக் காக்க ஒரு தொழிலாளி படைத்த பொறி இது. அவர் திறந்து திருத்தியதைப்போல் நாமும் திறந்து திருத்தக்கூடியதையே தெரிவோம். வியர்வை சிந்தி உழைத்த பணம் குப்பைத் தொட்டிக்குச் செல்லலாகாது.