நித்தியகல்யாணி: பள்ளித் தோட்டத்துப் பூவும் நுரையீரல் மருந்தும்



சென்ற ஆண்டு ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி, பள்ளித் தோட்டத்தில் பூத்திருந்த நித்தியகல்யாணியைக் காட்டி, “டீச்சர், இதில் கொஞ்சம் இலை பறித்துக்கொள்ளலாமா?” என்று கேட்டாள். அவளுடைய தாத்தாவுக்கு நுரையீரலில் புற்றுநோய். இந்த இலையிலிருந்துதான் மருந்து செய்கிறார்கள் என்று யாரோ சொல்ல, கஷாயம் வைத்துக் கொடுக்கப் பாட்டி கேட்டாராம். சொன்ன செய்தி பொய்யன்று. ஆயினும் நான் இலையைத் தரவில்லை. அதற்கான காரணம் இச்செடியின் வரலாற்றிலேயே இருக்கிறது.

நித்தியகல்யாணியின் பிறப்பிடம் மடகாஸ்கர் தீவு. மலாய்க்காரர்கள் இதனைக் கெமுந்திங் சீனா என்பர். ஜமைக்கா மக்கள் இதன் இலையைக் காய்ச்சி நீரிழிவுக்குக் குடித்து வந்தனர். 1952-ஆம் ஆண்டு அங்கிருந்து சில இலைகள் கனடாவுக்கு அனுப்பப்பட்டு, மேற்கு ஒன்டாரியோ பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ராபர்ட் நோபிள் என்னும் ஆய்வாளரின் கைக்குச் சேர்ந்தன. அவர் எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். சர்க்கரை குறையவில்லை. சாற்றை ஊசியாகச் செலுத்தியபோதோ, எலிகள் நோய்த்தொற்றால் மடிந்தன. அவற்றின் இரத்தத்தில் வெள்ளையணுக்கள் வெகுவாகக் குறைந்திருந்தன.

வேறொருவராயின் ஆய்வு தோற்றது என்று விட்டிருப்பார். நோபிள் வேறுவிதமாகச் சிந்தித்தார். வெள்ளையணுக்களைக் குறைக்கும் பொருள், அவை கட்டுக்கடங்காமல் பெருகும் இரத்தப் புற்றுநோய்க்கு உதவக்கூடுமன்றோ? வேதியியலாளர் சார்லஸ் பீர் அவருடன் சேர்ந்து அப்பொருளைப் பிரித்தெடுத்தார். 1958-இல் அவர்கள் உலகுக்கு அறிவித்த அதுவே வின்பிளாஸ்டின்.

ஓர் உயிரணு இரண்டாகப் பிரியும்போது, உள்ளே நுண்ணிய இழைகள் தோன்றி மரபுப் பொருளை இரு புறமும் இழுக்கின்றன. இம்மருந்து அவ்விழைகள் உருவாவதைத் தடுக்கிறது. பிரிய முடியாத உயிரணு மடிகிறது. ஆனால், ஒரு கிராம் வின்பிளாஸ்டின் எடுக்க ஏறத்தாழ 500 கிலோ காய்ந்த இலை வேண்டும்.

நுரையீரலுக்கான மருந்து பின்னர் பிரான்சில் பிறந்தது. பியர் பொத்தியே என்னும் வேதியியலாளரின் குழுவினர், இச்செடியில் மிகுதியாகக் கிடைக்கும் இரு பொருள்களை ஆய்வுக்கூடத்தில் இணைத்து, வினோரெல்பின் என்ற மருந்தை உருவாக்கினர். நுரையீரல் புற்றுநோயின் ஒரு வகைக்கு அதனைப் பயன்படுத்த 1989-இல் பிரான்சும் 1994-இல் அமெரிக்காவும் ஒப்புதல் அளித்தன.

நுரையீரல் புற்றுநோயில் பெரும் அச்சம் அது பரவுவதுதான். கட்டியை அறுத்து எடுத்த பின்னும், கண்ணுக்குத் தெரியாத சில உயிரணுக்கள் உடலில் தங்கிப் பிறகு வேறு உறுப்பில் வளரலாம். கனடா முன்னின்று நடத்தி 2005-இல் வெளியான ஆய்வொன்றில், தொடக்க நிலையில் அறுவைச் சிகிச்சை பெற்ற 482 பேர் பங்கேற்றனர். அறுவைச் சிகிச்சைக்குப் பின் வினோரெல்பினைச் சிஸ்பிளாட்டின் என்ற மற்றொரு மருந்துடன் பெற்றவர்களுள் 69 விழுக்காட்டினர் ஐந்தாண்டுக்குப் பின்னும் உயிருடன் இருந்தனர். பெறாதவர்களுள் 54 விழுக்காட்டினர். நோய் ஏற்கெனவே பரவியவர்களுக்கு இம்மருந்து வாழ்நாளைச் சற்று நீட்டித்ததே அன்றி முற்றாகக் குணப்படுத்தவில்லை.

இவ்வளவும் அளந்து கொடுத்த மருந்தின் பயன். நரம்பு வழியாக, மில்லிகிராம் கணக்கில், ஒவ்வொரு முறையும் இரத்தத்தைச் சோதித்த பின்னரே மருத்துவர் அதனைச் செலுத்துகிறார். கஷாயத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று யார் அளப்பது? இச்செடி நச்சுத்தன்மை உடையது. சிகிச்சையால் ஏற்கெனவே வெள்ளையணுக்கள் குறைந்திருக்கும் நோயாளிக்கு அதனைக் கொடுத்தால், அந்த எலிகளுக்கு நேர்ந்த கதி நேரக்கூடும்.

அன்று மாலையே மாணவியின் தாயாரைத் தொலைபேசியில் அழைத்து இதனைக் கூறினேன். “அம்மா எங்கள் பேச்சைக் கேட்கமாட்டார், டீச்சர். நீங்களே சொல்லுங்கள்,” என்றார். பாட்டியிடமும் பேசினேன். சற்று நேரம் மௌனமாக இருந்தவர், “அப்படியானால் ஆஸ்பத்திரியில் ஏற்றுவது இந்தப் பூவின் மருந்துதானா?” என்று வினவினார். அதனை மருத்துவரிடமே கேட்குமாறும், வேறு எதைக் கொடுப்பதாயினும் அவரிடம் முன்கூட்டியே சொல்லுமாறும் வேண்டிக்கொண்டேன்.

ஆசிரிய நண்பர்களே, மூலிகைத் தோட்டத்தில் செடியின் பெயரையும் பயனையும் எழுதிப் பலகை வைக்கிறோம். உண்ணத் தகாத செடியாயின், அதனையும் அதே பலகையில் எழுதி வையுங்கள். பிள்ளைகள் வாசித்ததை வீட்டில் சொல்கிறார்கள். வீட்டார் அதனை நம்புகிறார்கள்.