வளவு

மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரையிலும் சரி, படுவான்கரையிலும் சரி, வளவு என்றால் வீடு மட்டும் அல்ல. வீடு நிற்கும் வேலியடைத்த நிலம் முழுவதும் வளவுதான். கடப்படியைத் தாண்டினால் வளவுக்குள் வந்தாயிற்று. கிணறும் தென்னையும் முருங்கையும் மாட்டுக்கொட்டிலும் அதற்குள் அடக்கம். 'வளை' என்பதே இதன் அடி. சுற்றி வளைத்தது வளவு.

செட்டிநாட்டு வீடுகளில் முகப்பைக் கடந்ததும் வரும் நடுமுற்றத்தையும் அதைச் சூழ்ந்த அறைகளையும் வளவு என்பார்கள். சிங்களத்திலோ இச்சொல் 'வளவ்வ' ஆகிப் பிரபுக்களின் மாளிகைக்கே பெயராயிற்று. ஹொரகொல்லையில் பண்டாரநாயக்க குடும்பத்து மாளிகை அப்படித்தான் அழைக்கப்படுகிறது. நிலத்தைச் சுட்டிய சொல் அங்கே கட்டடத்தின் மேல் ஏறிக்கொண்டது.

ஆனால் இலங்கையின் பேர்பெற்ற நாட்டுப்புற மாளிகை ஒன்று நம் வளவின் பொருளைத்தான் நினைவூட்டுகிறது. பெந்தோட்டை அருகே, பழைய இறப்பர்த் தோட்டமாக இருந்த லுணுகங்கவை 1948இல் வாங்கினார் கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவா. 2003இல் இறக்கும் வரை அதைச் செதுக்கிக்கொண்டே இருந்தார். சிற்பங்களைச் சுவருக்குள் அடைக்காமல் மரத்தடியிலும் நீர்க்கரையிலும் நிறுத்தினார். கறுவா மேட்டில் அவர் வைத்த பெரிய சாடி, வீட்டிலிருந்து பார்ப்பவரின் கண்ணைத் தொலைவில் உள்ள தாதுகோபம் வரை கொண்டுபோகிறது. அங்கே வீட்டையும் நிலத்தையும் பிரித்துப் பார்க்கவே முடியாது.

மட்டக்களப்பில் பெரிய வயற்காரர்களான எங்கள் போடியார்களின் வீடுகளில் கலைச்செல்வம் வேறு வகை. வெற்றிலை வட்டா, படிக்கம், குத்துவிளக்கு, பன்பாய் என எல்லாமே புழங்கும் பொருட்கள். விருந்தாளி முன் வட்டாவை வைக்கும்போதுதான் அதன் பித்தளை வேலைப்பாடு கண்ணில் படும். உடைமையும் பெண்வழி வரும்: மகளுக்கு வீட்டைச் சீதனமாகக் கொடுத்துவிட்டு, பெற்றோர் அதே வளவுக்குள் இன்னொரு வீடு கட்டிக் குடிபோவார்கள். வளவு பெரிது என்பதாலேயே அது முடிந்தது.

1978 நவம்பர்ச் சூறாவளி இப்பகுதியில் எத்தனையோ கூரைகளைத் தூக்கிப்போனது. பிறகு போர், 2004இல் கடல்கோள். வீடுகள் போன இடத்திலும் காணி உறுதிகளில் 'புளியடி வளவு' போன்ற பெயர்கள் தங்கியிருக்கின்றன. இப்போது வளவுகள் துண்டு துண்டாக விலைபோகின்றன. விற்பவர்களும் வாங்குபவர்களும் புதிய உறுதி எழுதுவிக்கும்போது பழைய வளவுப் பெயரை விட்டுவிடாமல் சேர்த்து எழுதச் சொல்லுங்கள்.